திட்டத்தில் இல்லாத சந்தை

போன மாதம் உங்கள் பயிற்சிக் கூட்டத்துக்கு என்னை அழைத்து, சால்வை போர்த்தி, முன்வரிசையில் உட்கார வைத்து, விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் ஒரு திட்டம் காட்டினீர்கள். நன்றாகத்தான் இருந்தது. தொலைநோக்கு என்று ஒரு கட்டம், இலக்கு என்று ஒரு கட்டம், உத்தி என்று ஒரு கட்டம். கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி ஓடியது. நான் தூங்கிவிட்டதாகச் சிலர் பேசிக்கொண்டார்களாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், அவ்வளவுதான்.

முடிவில் உங்களில் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து, எங்கள் காலத்தில் திட்டமிடல் எப்படி இருந்தது என்று கேட்டார். மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. கேட்டவருக்கும், கேட்காமல் கைதட்டிய மற்றவர்களுக்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன். எங்கள் காலத்திலும் திட்டம் இருந்தது அம்மா. சோற்றுக்குத்தான் பஞ்சம் வந்ததே தவிர, திட்டத்துக்கு வந்ததில்லை.

இட ஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் சாலைக்கு வந்த வருஷங்கள் அவை. நான் கள்ளக்குறிச்சியில் இளம் சப்-இன்ஸ்பெக்டர். அவர்கள் கேட்டது நியாயமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல என்னை யாரும் அழைக்கவில்லை. சாலையைத் திறந்து வைப்பது மட்டும் என் வேலை. சாலையை மூடி வைப்பது அவர்கள் வேலை. அவர்களிடமும் ஒரு திட்டம் இருந்தது. சாலையோரப் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போ என்பதுதான் அது. அதை விளக்கத் திரை தேவைப்படவில்லை. களமருதூரிலிருந்து சின்னசேலம்வரை எல்லோருக்கும் ஒரே தடவையில் புரிந்துவிட்டது.

எங்கள் திட்டத்தைப் போட்டவர் எங்கள் டி.எஸ்.பி. பெயர் வேண்டாம். ஸ்டேஷனில் நாங்கள் அவரைக் குண்டூசி அய்யா என்போம். அவர் அறைச்சுவர் முழுக்க ஒரு வரைபடம். அதில் கலர் கலராகத் தலை வைத்த குண்டூசிகள். சிவப்பு குத்தினால் ஆயுதப்படை, நீலம் குத்தினால் லோக்கல் போலீஸ், மஞ்சள் குத்தினால் கூட்டம் கூடும் இடம். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கை சுத்தம். எங்களைவிட அதிக நேரம் உழைப்பார். ஒரே ஒரு குறைதான். ஊரில் நடப்பதும் வரைபடத்தில் இருப்பதும் வேறு வேறாக இருந்தால், ஊர் தப்பு செய்துவிட்டதாக நினைப்பார். எனக்குக் குரு யார் என்று கேட்டால் இன்றும் அவரைத்தான் சொல்வேன். அவர் செய்ததைப் பார்த்துப் பார்த்து, அதைச் செய்யாமல் விட்டே ஓய்வுபெறும்வரை காலம் தள்ளினேன்.

அவர் திட்டத்தில் கேடயம் இருந்தது, இரும்புத்தொப்பி இருந்தது, கண்ணீர்ப்புகைக் குண்டு இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது. ரம்பம் மட்டும் இல்லை. முதல் மரம் சின்னசேலம் சாலையில் சாய்ந்தபோது ஒரு வேன் நிறையப் போலீஸோடு போய் இறங்கினோம். வெட்டியவர்கள் போய்விட்டிருந்தார்கள். மரம்தான் இருந்தது. அதைக் கைது செய்ய முடியாது, எச்சரிக்க முடியாது, கலைந்து போ என்று சொல்ல முடியாது. சட்டத்தில் வழியிருந்தாலும் புளியமரத்துக்குத் தடியடி வலிக்காது. லட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மரத்தைச் சுற்றி நின்றோம்.

எதிரே மரக்கடை வைத்திருந்த பாய் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இன்னா சார், லட்டியாலயே அறுக்கப் போறீங்களா? எப்பன்னு சொல்லுங்க, கடைய மூடிட்டு வந்து பாக்கறேன்."

அப்புறம் அவரே ரம்பமும் இரண்டு ஆளும் அனுப்பினார். அறுத்து முடித்துத் திரும்பினால் எங்களுக்குப் பின்னால் இன்னொரு மரம் சாய்ந்து கிடந்தது. மாலையில் அய்யாவிடம், ஸ்டேஷனுக்கு இரண்டு ரம்பம் வாங்கலாம் என்று சொன்னேன். ரம்பம் நெடுஞ்சாலைத் துறையின் வேலை, திட்டத்தில் குழப்பம் செய்யாதே என்றார். இந்த ரம்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

அடுத்து அவர் ஒரு தத்துவம் கண்டுபிடித்தார். சொந்த ஊர்க்காரன்மேல் லட்டி ஓங்க எவனுக்கும் கை வராது, ஆகவே உள்ளூர்ப் போலீஸை வெளியே அனுப்பிவிட்டு வெளியூர்ப் போலீஸை உள்ளே கொண்டுவர வேண்டும். கேட்பதற்கு நன்றாக இருக்கிறதல்லவா? உங்கள் திரையில் போட்டால் நீங்களும் கைதட்டுவீர்கள். எந்த ஏரிக்கரை எந்த ஊரில் போய் முடியும், எந்தப் பெரிய மனிதர் சொன்னால் கூட்டம் கலையும் என்று தெரிந்த ஏட்டுகளெல்லாம் கடலூர்ப் பக்கம் போனார்கள். தெற்கத்திச் சீமையிலிருந்து ஆயுதப்படை வந்து இறங்கியது. நல்ல பிள்ளைகள். கள்ளக்குறிச்சி எந்தத் திசையில் இருக்கிறது என்று மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அதற்காக ஒவ்வொரு படைக்கும் உள்ளூரிலிருந்து ஒரே ஒரு வழிகாட்டியை விட்டுவைத்தார்கள். அப்படி விடப்பட்டவன் நான். வடக்கனந்தலைத் தாண்டி, கல்வராயன் மலையடிவாரத்தில் சாலை வளையும் இடத்தில் ஒரு பிளாட்டூனோடு என்னை நிறுத்தினார்கள்.

அந்தப் பிளாட்டூனின் தலைவர் திருநெல்வேலிக்காரர். என்னைப் போல அவரும் சப்-இன்ஸ்பெக்டர்தான். ஆனால் அந்த இடத்தில் உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு. வழிகாட்டிக்கு அதிகாரம் கிடையாது, நட்சத்திரம் போட்ட கைகாட்டிமரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஆட்கள் முந்தின நாள் வேறொரு ஊரில் கல்லடி பட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஒருவனுக்குத் தலையில் கட்டு. யாருக்கும் தூக்கமில்லை. அதைவிட முக்கியம், யாருக்கும் சோறில்லை. சாப்பாட்டு வண்டி சின்னசேலம் பக்கம் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டது. திட்டத்தில் சாப்பாட்டு வண்டிக்கு ஒரு குண்டூசி இருந்தது. அந்தக் குண்டூசி எங்கள் பக்கத்தில்தான் குத்தியிருந்தது என்பதால், அய்யாவைப் பொறுத்தவரை நாங்கள் சாப்பிட்டுவிட்டோம். பக்கத்துக் கொல்லையில் பச்சைக் கடலையைப் பிடுங்கித் தின்றோம். கொல்லைக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். அதையும் சேர்த்து விழுங்கினோம்.

எங்களுக்கு முன்னால் மலைப்பக்கமாக ஒரு பெரிய புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. ரம்பம் இல்லாததால் அதைக் காவல் காத்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். உத்தரவு தெளிவாக இருந்தது. வெட்டுக்கருவியோடு கூட்டமாக வருபவர்கள் மரம் வெட்டுபவர்களே. மூன்று முறை எச்சரிக்கை, கேட்காவிட்டால் துப்பாக்கிச் சூடு.

காலையில் வெயில் ஏறும் நேரம். மலைச்சாலை வளைவில் ஒரு கூட்டம் தெரிந்தது. ஆணும் பெண்ணுமாகத் தலையில் மூட்டையோடு இறங்கி வந்தார்கள். ஆண்கள் இடுப்பில் கொடுவாள். எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. அன்று சந்தை நாள். மலைக்காரர்கள் புளியும் தேனும் கிழங்கும் கொண்டுவந்து அடிவாரச் சந்தையில் விற்றுவிட்டு, உப்பும் மிளகாயும் துணியும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். வழக்கமாக ஒவ்வொரு பஸ்ஸிலும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறவர்கள், பஸ் இல்லாததால் எல்லோரும் ஒன்றாக நடந்து வந்தார்கள். குமாஸ்தா சட்டைப்பையில் பேனா இருப்பதுபோல அவர்கள் இடுப்பில் கொடுவாள் இருக்கும். கீழே ஊர் முழுக்க அடைத்துக் கிடப்பதையோ, சந்தை கூடாது என்பதையோ அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களுக்குச் சொல்லக்கூடிய ஏட்டைத்தான் கடலூருக்கு அனுப்பிவிட்டோமே.

பிளாட்டூன் தலைவர் வயர்லெஸ் மைக்கில் அய்யாவைக் கூப்பிட்டு, மலையிலிருந்து அரிவாளோடு கூட்டம் இறங்குகிறது என்றார். அய்யா வரைபடத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு பதில் வந்தது.

"மலையில நமக்குக் கூட்டமே கிடையாது. சுத்திக்கிட்டு உங்க பின்பக்கமா வர்றாங்க. திட்டப்படி செய்யுங்க."

இந்த மூளையை நீங்கள் நின்று ரசிக்க வேண்டும். வரைபடத்தில் மலை ஒரு பச்சைத் திட்டு. அதில் குண்டூசி இல்லை. குண்டூசி இல்லாத இடத்தில் ஆள் இல்லை. ஆகவே மலையிலிருந்து வருகிறவர்கள் மலை ஆட்கள் இல்லை. நான் மைக்கைப் பிடுங்கி, அய்யா, இது சந்தைக்குப் போகும் ஜனம் என்று சொன்னேன்.

"நீ வழிகாட்டி. வழிய மட்டும் காட்டு," என்றார்.

பிளாட்டூன் தலைவரைத் தனியே இழுத்துச் சொல்லிப் பார்த்தேன். அவர் முரடர் இல்லை. அவர் பயந்துபோயிருந்தார்.

"ஊரே அடைச்சுக் கெடக்கு, என்ன சந்தைங்கீக அண்ணாச்சி? நேத்தும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாவ. பொறவு கல்லு வந்து விழுந்துச்சு. என் பிள்ளைகளுக்கு ஏதும் ஆச்சுன்னா நீங்களா பதில் சொல்லுவீக?"

முதல் எச்சரிக்கை ஒலிபெருக்கியில் போனது. மலைக்காரர்களுக்கு ஒலிபெருக்கி என்றால் ஒன்று தேர்தல், இல்லையென்றால் அம்மை ஊசி. என்ன சொல்கிறார்கள் என்று காதில் விழவில்லை போலிருக்கிறது. சரியாகக் கேட்பதற்காக வேகமாக நடந்தார்கள். இரண்டாவது எச்சரிக்கைக்குக் கையை ஆட்டினார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். தலைச்சுமையோடு கிளைகளைத் தாண்ட முடியாது என்று பார்த்ததும், முன்னால் நின்ற ஆண்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பிலிருந்து கொடுவாளை உருவினார்கள்.

அவர்கள் செய்ய வந்தது என்ன தெரியுமா? கிளையைக் கழித்து வழி செய்ய வந்தார்கள். அந்த நிமிஷத்தில் அந்தப் பகுதி முழுவதிலும் சாலையைத் திறக்கிற வேலையை உருப்படியாகச் செய்ய ஆரம்பித்தவர்கள் அவர்கள் மட்டும்தான். என் பின்னால் துப்பாக்கிகளின் போல்ட் இழுக்கும் சத்தம் வரிசையாகக் கேட்டது.

முன்வரிசையில் ஒரு அம்மாள் நின்றிருந்தாள். நடுத்தர வயது, கக்கத்தில் ஒரு சேவல், முகத்தில் நேரமாகிவிட்டதே என்கிற எரிச்சல். துப்பாக்கி சுட்டால் முதலில் விழப்போவது அவள்தான். போலீஸ்காரர்கள் வழியை மறைத்துக்கொண்டு நிற்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

உத்தரவு போட எனக்கு அதிகாரமில்லை. சட்டம் பேச நேரமில்லை. பயந்தவனிடம் பயப்படாதே என்றால் இன்னும் பயப்படுவான். ஆனால் பசித்தவனிடம் பேச ஒரு வழி உண்டு. தலைவரை விட்டுவிட்டு அவர் ஆட்கள் பக்கம் திரும்பினேன். குரலை உயர்த்தவில்லை.

"அந்த மூட்டையப் பாருங்கப்பா. மரவள்ளிக் கெழங்கு. அந்தம்மா கக்கத்துல சேவல். நேத்துலேர்ந்து நீங்க காத்துக்கினு இருந்த சாப்பாட்டு வண்டி இதான், நடந்து வருது. சுட்டீங்கன்னா எல்லாம் மலையேறிப் பூடும்."

சொல்லிவிட்டு, காட்டச் சொன்ன வழியை நானே காட்டினேன். நேராக நடந்து போய், அந்த மரத்தின்மேல் ஏறி, துப்பாக்கிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். வீரம் என்று எழுதிவிடாதீர்கள். வேறு வழி தெரியவில்லை. கீழே குனிந்து அந்த அம்மாளிடம் சேவல் என்ன விலை என்று கேட்டேன்.

அவள் ஒரு விலை சொன்னாள். அநியாய விலை. சரி, கொடு என்றேன். அங்கேதான் தப்பு நடந்தது. பேரம் பேசாமல் வாங்குகிறவனைப் பார்த்தால் விற்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கிழங்கையும் சேர்த்து வாங்கினால்தான் சேவல் என்றாள், விலையையும் ஏற்றினாள். அதற்கும் சரி என்றேன். பக்கத்திலிருந்தவர்கள் கொடுவாளைக் கிளையில் கொத்தி நிறுத்திவிட்டு, இப்படி ஒரு ஆளா என்று பார்க்க வந்தார்கள். ஆளுக்கொரு மூட்டையை அவிழ்த்தார்கள். என் முதுகு மட்டும் அந்தச் சந்தையில் இல்லை. அது பின்னால் என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது எச்சரிக்கை எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தது.

வந்தது வேறொரு குரல். தலையில் கட்டுப் போட்ட பையன்தான் பேசினான்.

"அண்ணாச்சி, கெழங்கு வெந்ததா பச்சையான்னு கேளுங்க."

அரை நிமிஷம் கழித்துத் தலைவரே பக்கத்தில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். இடது பக்கத்து மூட்டையைக் காட்டி, அதுல தேனு இருக்கா என்று கேட்டார். அவ்வளவுதான் நடந்தது. பிறகு கிழங்கைச் சுட்டோம், சேவலை அடித்துக் குழம்பு வைத்தோம். காத்திருந்த நேரத்தில் மலைக்காரர்கள் மரத்தைக் கிளை கிளையாகக் கழித்து, அடிமரத்தை எங்கள் ஆட்களோடு சேர்ந்து புரட்டிப் பள்ளத்தில் தள்ளினார்கள். அன்று எங்கள் எல்லைக்குள் திறந்த ஒரே சாலை அது. திறந்தவர்கள், திட்டப்படி சுடப்பட்டிருக்க வேண்டியவர்கள்.

எல்லாம் அடங்கிய பிறகு ஆய்வுக் கூட்டம் நடந்தது. அய்யா வரைபடத்தில் மலையடிவாரத்தைச் சுட்டிக்காட்டி, வலுவான படையை முன்கூட்டியே நிறுத்தியதால் இங்கே அசம்பாவிதம் தவிர்க்கப்பட்டது என்றார். மேலதிகாரிகள் தலையாட்டினார்கள். அவருக்குப் பாராட்டு. எனக்கும் ஒன்று வந்தது. பணியில் இருக்கும்போது கோழி வியாபாரத்தில் ஈடுபட்டது ஏன் என்று விளக்கம் கேட்டு மெமோ. பசி என்று எழுதிக் கொடுத்தேன். கண்டித்து விட்டுவிட்டார்கள். அடுத்த வருஷத் திட்டத்தில் சந்தை நாள் வந்ததா என்கிறீர்களா? வரவில்லை. சாப்பாட்டுக்கு எதிரே மட்டும், உள்ளூரில் கிடைக்கும் என்று சேர்த்திருந்தார்.

இதில் எனக்குச் சிரிப்பு வராத ஒரு இடம் இருக்கிறது. அந்தத் திட்டத்தில் இரண்டு ஓட்டை. ஒன்று சந்தையை மறந்தது, இன்னொன்று சோற்றை மறந்தது. இரண்டும் ஒன்றையொன்று அடைத்துக்கொண்டதால்தான் அன்று யாரும் சாகவில்லை. சாப்பாட்டு வண்டி மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தால், வயிறு நிறைந்த அந்தப் பிள்ளைகளிடம் என் பேச்சு எடுபட்டிருக்காது. உத்தரவு எடுபட்டிருக்கும். ஒரு திட்டம் பாதி சரியாக நடந்தால் எவ்வளவு ஆபத்து என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் திரையில் நான்காவதாக வந்த வரைபடத்தில், மேற்கு ஓரத்தில் ஒரு பச்சைத் திட்டு இருந்தது. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் கண்ணைத் திறந்தது அப்போதுதான். அடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட வேண்டாம், சால்வையும் வேண்டாம். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அந்தப் பச்சைக்குள் போய், அங்கே யார் இருக்கிறார்கள், எந்தக் கிழமை கீழே இறங்குகிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

அந்த அம்மாளைப் பிறகு பல சந்தைகளில் பார்த்தேன். மாறுதல் வரும்வரை அவளிடம்தான் கோழி வாங்கினேன். என்னைக் கண்டதும் பக்கத்துக் கடைக்காரியின் இடுப்பில் இடிப்பாள்.

"இந்த சாருக்குப் பேரம் பேசவே தெரியாது. இன்னா சொன்னாலும் குடுத்துட்டுப் போவாரு."

கொடுத்துவிட்டுத்தான் போனேன். அன்றைக்கு மரத்துக்கு இந்தப் பக்கம் என்ன இருந்தது என்பது அவளுக்குத் தெரியவே கூடாது என்று முடிவு செய்திருந்தேன், கடைசிவரை தெரியாது. என் பணிக்காலத்தில் போட்டபடியே முழுசாக நிறைவேறிய ஒரே திட்டம் அதுதான்.